மறுகா எண்டா எப்ப?

எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் வெளிவரும் பாடல்களில் நிலா எப்போதும் முழுநிலாவாகவே இருக்கும். தேய்பிறையில் எவரும் காதலிப்பதில்லை. வாவியில் மீன் பாடும். அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை, விலை பேசுவதில்லை, செதில் சீவுவதில்லை. தோணியில் வரும் பெண் வெள்ளைச் சேலை உடுத்திருப்பாள், அந்தச் சேலையில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களே இதையெல்லாம் எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விடயம்.

பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்து கண் கெட்டுப்போனவன் நான். பெயர்ப்பலகையில் ஒற்று விடுபட்டிருந்தால் அந்தக் கடைக்குள் நுழைய மனம் வராது. பாட்டையும் அப்படித்தான் கேட்கிறேன். கேட்கிறேன் என்பதைவிட, அச்சுப்பிழை தேடி ஒப்புநோக்குகிறேன் என்பது சரி. கலியாண வீட்டில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, 'உன் விழி என்னைக் கொல்லுதே' என்ற வரியில் கொலையாளி யார், சாட்சி யார் என்று யோசித்தபடி நிற்பேன். என்னை யாரும் ஆடக் கூப்பிடுவதில்லை.

பாட்டு எழுதுவது என்று இப்போது சொல்லப்படுவது உண்மையில் நிரப்புவது. மெட்டு முதலில் பிறந்துவிடும். இசையமைப்பவர் 'தானனன தானே' என்று முனகி, அதை வட்ஸ்அப்பில் அனுப்புவார். எழுதுபவர் அந்தத் தானேக்களை எடுத்துவிட்டுச் சொற்களை வைக்க வேண்டும். இதைக் குறை சொல்ல எனக்கு உரிமை குறைவு. நானும் தலைப்புகள் எழுதி வயிறு வளர்த்தவன். ஓர் அமைச்சரின் நீண்ட பொய்யை இரண்டு பத்தி அகலத்துக்குள் அடக்க வேண்டும். 'வலியுறுத்தினார்' கொள்ளாவிட்டால் 'என்றார்'. ஆனால் தலைப்பில் இடம் மிஞ்சியபோது நாங்கள் 'உயிரே' என்று போட்டு நிரப்பியதில்லை. எங்கள் பாடல்களில் ஓய்வில்லாமல் உழைப்பவை உயிரே, அழகே, அன்பே என்ற மூன்று சொற்கள். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது போல ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவார்கள். காற்று நிற்கிறதா என்று யாரும் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதில்லை.

ஆகவே செட்டிபாளையத்தில் இருக்கும் என் தங்கச்சியின் மகள், எனக்கு மருமகள், தான் ஒரு பாட்டு எழுதியிருப்பதாகச் சொன்னபோது நான் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். அவள் முன்பள்ளி ஆசிரியை. கை கழுவுவதற்கு ஒரு பாட்டு, வரிசையில் நிற்பதற்கு ஒரு பாட்டு என்று பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்னதாகக் கட்டுவாள். இது அந்த வகை இல்லை என்றாள். ஒரு சொல்லை வைத்துக் கட்டியிருந்தாள். அந்தச் சொல் 'மறுகா'.

வெளியூர் வாசகருக்காக இதைச் சொல்ல வேண்டும். மறுகா என்பது மட்டக்களப்பு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் சொல். கொழும்பில் செய்தி அறையில் நான் 'மறுகா பாக்கிறன்' என்று சொன்னால் பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் அன்று முழுக்க ஒவ்வொரு வசனத்திலும் ஒரு மறுகாவைச் செருகி என்னைக் கேலி செய்வார்கள். அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பிறகு. மற்றது, மறுபடியும். 'மறுகா வாறன்' என்றால் இப்போது வர மாட்டேன், பிறகு வருவேன். 'மறுகாவும் வந்திட்டான்' என்றால் போனவன் திரும்ப வந்துவிட்டான். ஒரே சொல்லில் வராதவனும் இருக்கிறான், திரும்பத் திரும்ப வருகிறவனும் இருக்கிறான். யாரைச் சொல்கிறோம் என்பது சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

என் தங்கச்சி வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான். அவளுடைய கணவர் மகள் சின்ன வகுப்பில் படிக்கும்போது கட்டாருக்கு வேலைக்குப் போனார். தொடக்கத்தில் ஒருமுறை விடுமுறையில் வந்தார், தடித்த போர்வைகளும் ஒரு பெட்டி சவர்க்காரமும் கொண்டுவந்தார். போர்வை எங்கள் வெக்கைக்கு உதவாது. அலுமாரியில் இன்னும் பொலித்தீன் உறையோடு இருக்கிறது. அதன் பிறகு அவர் மறுகாவுக்குக் குடிபோய்விட்டார். தொலைபேசியில் கூப்பிட்டால், மறுகா எடுக்கிறன். பொங்கலுக்கு வருவீர்களா என்றால், மறுகா பாப்பம். மகள் பெரியபிள்ளையானபோது சடங்குக்கும் அதே பதில். கோபமாகப் பேசியதில்லை, குடிப்பதில்லை, ஏசுவதில்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாக ஊரில் ஒரு கதை உண்டு. பத்திரிகை மொழியில் அது உறுதிப்படுத்தப்படாத தகவல். தங்கச்சி அதை உறுதிப்படுத்தவும் போகவில்லை, மறுக்கவும் போகவில்லை. பிட்டு அவித்த நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியபடி, கேட்கிறவர்களிடம் வேறு எதையாவது கேட்பாள்.

அந்த விடுமுறை முடிந்து போவதற்கு முன்பு கிணற்றடியில் ஒரு மாங்கன்று நட்டுவிட்டுப் போனார். இது காய்க்க முதல் வந்திருவன் என்று மகளிடம் சொன்னாராம். ஒட்டுமா இல்லை, கொட்டையில் முளைத்த மரம், காய்க்க வருடங்கள் எடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அது காய்க்கத் தொடங்கிப் பல பருவங்கள் ஆகிவிட்டன. பாதி வௌவாலுக்கு, பாதி அயலுக்கு.

மருமகள் குசினி வாசலில் நின்று பாடிக் காட்டினாள். கைத்தாளம் மட்டும்தான்.

போனெடுத்தாச் சொல்லுவார் மறுகா,
பொங்கலுக்கு வாறாராம் மறுகா,
பெரியபுள்ள ஆனன் நான், மறுகா,
நட்ட மாவும் காய்ச்சிரிச்சி, மறுகா.
அப்பா, மறுகா எண்டா எப்ப?

இப்படியே இன்னும் சில வரிகள். ஒவ்வொரு வரியும் கலியாண வீட்டுத் துள்ளல் தாளத்தில் வந்தது. காலே தானாக ஆடும். கடைசி வரியில் மட்டும் தாளம் நின்று, கேள்வி வெறுமையாக விழும். நான் பழக்கதோஷத்தில் வெட்ட ஒரு சொல் தேடினேன். கிடைக்கவில்லை. நிலா இல்லை, மீன் இல்லை, உயிரே இல்லை. தொழில் தெரிந்தவனுக்கு இது சின்ன அவமானம்.

இவ்வளவு துள்ளலாக ஏன் என்று கேட்டேன்.

"அழுது பாடினா ஆர் மாமா கேக்கிற?" என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா இதைக் கேட்க வேண்டும், முழுவதும் கேட்க வேண்டும். நேரே சொன்னால் மறுகா என்பார். எழுதி அனுப்பினால் படித்ததற்கான நீல அடையாளம்கூட வராது. ஆனால் அவர் தங்கும் அறையில் ஆண்கள் ஊர்ப் பாட்டு என்றால் விடமாட்டார்கள், யாராவது போட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறைக்குள் போக அவளுக்குக் கிடைத்த ஒரே வழி பாட்டு.

மட்டக்களப்பு நகரில் ஒரு ஸ்டூடியோவுக்கு நான்தான் அழைத்துப் போனேன். டயர் கடைக்கு மேல்மாடி. சுவர் முழுக்க முட்டைத் தட்டுகள் ஒட்டியிருந்தன. ஸ்டூடியோக்காரர் இளவயது ஆள். கீபோர்ட் வாசிப்பது, ஒலி கலப்பது, கலியாண வீடியோ எடுப்பது, ராப் பாடுவது எல்லாம் அவர் ஒருவரே. திறமை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. மருமகள் பாடி முடித்ததும் அதே மெட்டைக் கீபோர்டில் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு சுவிஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

சுவிஸில் ஒரு அண்ணன் இருந்தார். எங்கள் பகுதிப் பாட்டுகளுக்குக் காசு போடுகிறவர். இளம் வயதிலேயே நாட்டைவிட்டுப் போனவர். மண்வாசனை என்ற சொல்லை ஒரே பேச்சில் நான் அதிக தடவை கேட்டது அன்றுதான். கைத்தொலைபேசியைக் கீபோர்டின் மேல் சாய்த்து வைத்தார்கள். பின்னால் பனி பெய்கிற யன்னலோடு அவர் தோன்றினார். பாட்டைக் கேட்டார், தலையாட்டினார், அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதுதான் தொல்லையின் தொடக்கம்.

"தம்பி, மறுகா எண்டா திருப்பித் திருப்பி எண்டுதானே," என்றார். "கிட்ட வா மறுகா, முத்தம் தா மறுகா. அப்பிடித்தான் போகோணும்."

அவருக்கு ஞாபகத்தில் இருந்தது இரண்டாவது பொருள் மட்டும். பிறகு என்ற பொருளைக் குளிர் தின்றுவிட்டதோ, அல்லது அவரிடம் யாரும் நீண்டகாலமாகப் பிறகு என்று சொல்லவில்லையோ தெரியாது. காசு போடுகிறவர்களிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். நான் திருத்த முயன்றேன். ஸ்டூடியோக்காரர் என் முழங்காலைத் தட்டினார்.

அடுத்தது அப்பா. அந்தச் சொல் வந்தால் பாட்டு சோகப் பாட்டாகிவிடும், கலியாண வீட்டில் போட முடியாது என்பது சுவிஸின் கருத்து. ஸ்டூடியோக்காரர் அதற்கு முன்பே வழி யோசித்து வைத்திருந்தார்.

"அளவு சரியா இரிக்கி சேர்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "அப்பா. அன்பே. ரெண்டும் ஒரே நீட்டு. மாத்தினது ஒருத்தருக்கும் விளங்காது."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு எழுத்தும் ஓர் ஒற்றும் போக, இரண்டு எழுத்தும் ஓர் ஒற்றும் வந்து உட்காருகின்றன. பத்தி அகலம் மாறவில்லை. மகள் கேட்ட கேள்வியை ஒரு காதலி கேட்கிறாள். நானே செய்தி அறையில் எத்தனை மனிதர்களை இப்படி இடம்மாற்றி உட்கார வைத்திருப்பேன் என்று அப்போது யோசிக்க விரும்பவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். மருமகள் முந்திக்கொண்டாள். போடுங்க என்றாள்.

மாமர வரியில்தான் சுவிஸ் அண்ணன் தடக்கினார். ஒரு பெண் காதல் பாட்டில் மாங்காயைப் பற்றிப் பேசினால் சனம் வேறுமாதிரி நினைக்கும், அவளுக்கு வாய்க் கசப்பு, மசக்கை என்று கதை கட்டும், வீடியோவில் கதாநாயகனுக்குக் கெட்ட பெயர் வரும் என்றார். பாட்டு பற்றிய விமர்சனங்களில் நான் கேட்ட மிக நுட்பமானது அதுதான்.

"மா வேணும்," என்றாள் மருமகள். "அது இல்லாட்டி நான் பாட மாட்டன்."

பனி பெய்யும் யன்னல் சிறிது நேரம் அசையாமல் நின்றது. இணைய இணைப்பா, யோசனையா என்று தெரியவில்லை. கடைசியில் உடன்பாடு வந்தது. மாமரம் இருக்கலாம், ஆனால் ராப் முடிந்த பிறகு, பாட்டின் வாலில்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் தொழில் ரகசியத்தைச் சொன்னேன். செய்தியில் முக்கியமானதை முதல் பந்தியில் வைப்போம். வாசகன் எப்போது பக்கத்தைத் திருப்புவான் என்று தெரியாது. இடம் போதாவிட்டால் அச்சுக்குப் போகும் அவசரத்தில் அடியிலிருந்துதான் வெட்டுவோம். மாமரத்தை அடியில் வைக்காதே, சண்டை பிடித்தாவது மேலே கொண்டுவா என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றுக்கு முந்தானையை வாயில் கவ்வியிருந்தாள். அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா எண்டு வந்தா அவர் அதோட நிப்பாட்டிருவார் மாமா. அன்பே எண்டாக் கேப்பார். கேட்டுக்கொண்டே வந்தா, கடைசியில மா வரும். அந்த மா ஆர்ர எண்டு அவருக்கு மட்டுந்தான் தெரியும்."

அது பொறி. நான் இதுவரை பார்த்த எந்தப் பாடலாசிரியரும் ஒரே ஒரு ஆளுக்காக இவ்வளவு நுட்பமாக எழுதியதில்லை.

வீடியோவைத் தன்னாமுனைப் பக்கம் வாவிக்கரையில் எடுத்தார்கள். நானும் போய் நின்றேன். கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மருமகளின் குரலுக்கு அவள் வாயசைத்தாள். வெள்ளைச் சேலை. மருமகளுக்குத் திரையில் இடமில்லை என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. உடுப்பு மாற்றும் கூடாரத்தில் ஒரே ஒரு உடுப்பு இருந்ததைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். கரையில் உண்மையாகவே வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தவரைக் கொஞ்சம் தள்ளிப்போகச் சொன்னார்கள். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நிறம் பொருந்தவில்லை. அவர் நகர்ந்த இடத்தில் கதாநாயகன் நின்று, கையில் வலையைப் பிடித்தபடி, அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், தோளில் துண்டு போலப் போட்டுக்கொண்டான். ராப் பகுதி அங்கேதான் எடுக்கப்பட்டது.

கிட்ட வா மறுகா, கட்டிக்கோ மறுகா, தொட்டாச் சுடும் மறுகா.

முதல் இரண்டிலும் சுவிஸின் பொருளையாவது பொருத்தலாம். மூன்றாவதில் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. பிறகு சுடுமா, மறுபடியும் சுடுமா? ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன். "ஃபீல் சேர்," என்றார்.

பாட்டு யூடியூப்பில் வந்த அன்று முதலில் தலைப்பைப் பார்த்தேன். பெரிய பொன்னிற எழுத்தில் 'மருகா' என்று இருந்தது. இடையின ரகரம். அது முருகப்பெருமானைக் கூப்பிடுகிற சொல், திருமாலின் மருகன் அவர். உடனே தொலைபேசி எடுத்தேன். வல்லின றகரம் பொன் நிறத்தில் வடிவாக வரவில்லை என்றார் ஸ்டூடியோக்காரர். மாலைக்குள் தமிழ்நாட்டிலிருந்து யாரோ கீழே 'வேலும் மயிலும் துணை' என்று எழுதிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தார். எங்கள் ஆள் ஒருவர் 'மறுகா சொல்றன்' என்று பதில் போட்டிருந்தார். இந்தப் பாட்டு விவகாரம் முழுவதிலும் எனக்குச் சிரிப்பு வந்தது அந்தப் பதிலுக்குத்தான்.

பாட்டு பிடித்துக்கொண்டது. அதாவது, அதன் முதல் அரை நிமிடம் பிடித்துக்கொண்டது. டிக்டொக்கில் அதை வெட்டிப் போட்டு ஆடினார்கள். ஓட்டோக்களில் ஓடியது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் உடற்பயிற்சிக்குப் போட்டார்கள். பிரதேச சபைத் தேர்தலில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்த ஒருவர், தன்னை மறுபடியும் தெரிவுசெய்யச் சொல்லி, ஒலிபெருக்கி வண்டியில் அந்தத் துண்டையே போட்டுக்கொண்டு வெல்லாவெளிப் பக்கம் சுற்றினார். அவர் இரண்டாவது பொருளில் சொன்னார். வயல் வட்டை வரம்பில் நின்றவர்கள் முதல் பொருளில் கேட்டிருப்பார்கள். அவருடைய வாக்குறுதிகளுக்கு அதுதான் பொருத்தம்.

ஸ்டூடியோக்காரர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பார்வையாளர்கள் எந்த இடம்வரை பார்க்கிறார்கள் என்று சொல்லும் வரைகோட்டைக் கணினியில் காட்டினார். தொடக்கத்தில் மலை போல நின்றது. ராப் தொடங்கும் இடத்தில் சரிந்தது. மாமரம் வரும் இடத்தில் அது தரையோடு தரையாகக் கிடந்தது. பெருமையாகத்தான் காட்டினார், அந்த மலையைப் பார்க்கச் சொன்னார். நான் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைத் தங்கச்சி வீட்டில் சொல்லவில்லை. மருமகள் அப்போது பாட்டைத் தகப்பனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். முதலில் அவர் தன் முகநூலில் அதைப் பகிர்ந்தார். எங்கட ஊர்ப் பாட்டு என்று மேலே எழுதியிருந்தார். அது யாருடைய குரல் என்று எழுதவில்லை. பிறகு அவரே ஒரு வீடியோவில் வந்தார், அறையில் நாலைந்து பேரோடு, கையைத் தலைக்குமேல் தூக்கி, கிட்ட வா மறுகா என்று ஆடிக்கொண்டு. உடம்பு வைத்திருந்தார். தலைமயிருக்குக் கறுப்பு அடித்திருந்தார். தங்கச்சி அந்த வீடியோவை ஒருமுறை பார்த்தாள், பிறகு கைத்தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டு, ஆட்டம் நல்லாத்தான் வருது என்றாள்.

மாங்காய் பறிக்க என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நான் கொக்கத்தடியோடு கிணற்றடியில் நின்றபோதுதான் மருமகளின் தொலைபேசியில் குரல்பதிவு வந்தது. அவள் அதை உடனே போடவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, கிணற்றுக் குந்தில் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டிவைத்துப் போட்டாள். பின்னால் யாரோ அதே பாட்டின் தொடக்கத்தை ஓடவிட்டிருந்தார்கள். அதற்கு மேலே அவர் குரல், நல்ல சந்தோஷமாக.

"மகள், பாட்டு நல்லாரிக்கி. இஞ்ச எல்லாரும் இதத்தான் போடுறானுகள். பாதிதான் கேட்டன், இப்ப டியூட்டியில நிக்கிறன். மறுகா முழுக்கக் கேக்கிறன், என்ன?"

குரல்பதிவு முடிந்தது. நான் கொக்கத்தடியைக் கிளையில் மாட்டியபடியே நின்றேன். குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"என்னவாம்?" என்று கேட்டாள் தங்கச்சி.

"மறுகாவாம்," என்றாள் மகள்.